பிழையான வடக்கு

அவருடைய பெயரை எழுத மாட்டேன். மறந்துபோகவில்லை. அவருடைய ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் செத்துப்போனால் அவர் பெயரை வாயால் சொல்லக் கூடாது. படம் இருந்தால் மறைத்துவிடுவார்கள். அதே பெயரில் உயிரோடு இன்னொருவர் இருந்தால் அவரையும் வேறு பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். சில வருடங்கள் போனபிறகு வீட்டுக்காரர் சரி என்றால் பெயரைத் திரும்பவும் சொல்லலாமாம். சரி என்றார்களா என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதனால் எழுதவில்லை.

எங்கள் ஆட்கள் இதற்கு நேர் எதிர். என் மனுசி செத்தபோது அவள் பெயர் இணையத்தில் வந்தது, ரேடியோவில் வந்தது, ஊரை விட்டு வந்து குடியேறிய இந்த நகரத்தில் சென்-மிஷேல் பக்கம் நாங்கள் மரக்கறி வாங்கும் கடைக் கண்ணாடியில் படத்தோடு தொங்கியது. நவம்பரில் மாதா கோயிலில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். அவள் பெயரும் வரும். பக்கத்தில் இருக்கிறவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் முன்னால் இருக்கிற மர வாங்கைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். ஒன்றும் வராது. அழுகையும் வராது, கோபமும் வராது. கோபம் வேறு இடங்களில் வரும்.

அவள் போன அடுத்த நவம்பர் முடிவில்தான் அவர் வந்தார்.

நான் அப்போது ஒரு கண்காட்சி மண்டபத்தில் வேலை. சென்-லோரன் தெருவில் இருந்த பழைய தையல் தொழிற்சாலையை மண்டபமாக்கியிருந்தார்கள். ஆணி அடிப்பது, பெட்டி தூக்குவது, வரும் விருந்தாளிகளை வான் வண்டியில் ஏற்றி இறக்குவது என் வேலை. கூட வேலை செய்தவன் யோகன். எங்கள் ஆட்கள் நிறைய இருக்கிற பார்க் எக்ஸில் இருந்து வருவான். வாய் ஓயாது.

வந்தவர்கள் வார்ல்பிரி ஆட்கள். நடு அவுஸ்திரேலியாவில் பாலைவனத்தில் இருக்கிற சனம். அவர், அவருடைய தம்பி, அவருடைய மச்சான், மச்சானின் மகன், மச்சானின் சகோதரிகள் இரண்டு பேர். அவர்களுடைய மொழி தெரிந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் கூட வந்தாள். மண்டபத்தின் நிலத்தில் சிவப்பு மண் பரப்பி, தண்ணீர் தெளித்து, இறுக்கி வைத்திருந்தோம். அந்த மண்ணில் அவர்கள் ஒரு சித்திரம் செய்ய வேண்டும். ஒரு காட்டுச் செடியைக் காயவைத்துக் குத்தி உதிர்த்த பஞ்சு, ஒரு குவியலுக்குக் காவிக்கல் தூள், மற்றதற்கு வெள்ளைக் களிமண். அதைக் கையால் அள்ளி, வட்டமாகவும் கோடாகவும் மண்ணில் வைத்து அழுத்துவார்கள். முழங்காலில் நின்று நாட்கணக்கில் செய்கிற வேலை. கடைசி நாள் உடம்பிலும் அதே பஞ்சையும் காவியையும் பூசிக்கொண்டு, பாட்டுக்கு நிலத்தை மிதித்து அதன் மேலே ஆடுவார்கள். ஆடி முடியும்போது சித்திரம் இருக்காது. அப்படித்தான் அது முடிய வேண்டும்.

கோலம் மாதிரியோ என்று யோகன் கேட்டான். இல்லை. கோலத்தை எந்த வாசலிலும் போடலாம். இது ஒரு மழை போன வழி. முன்னொரு காலம் ஒரு மழை கிழக்கேயிருந்து மேற்கே அவர்களுடைய நிலத்துக்கு மேலால் போனது. எங்கே நின்றது, எங்கே கொட்டியது என்பதெல்லாம் அந்த மண்ணில் இருக்கிறது. எனக்குச் சொன்னது இவ்வளவுதான். மிச்சத்தைச் சொல்ல மாட்டார்கள். நானும் கேட்கவில்லை.

அந்த மழை மச்சானுடையது. அப்பன் வழியில் வந்தது. அப்படி வந்தவனைக் கிர்தா என்கிறார்கள். ஆடுகிற உரிமை அவனுக்கு. ஆனால் அவன் தன்பாட்டில் செய்ய முடியாது. அந்தக் குடும்பத்தில் பிறந்த பெண் பெற்ற பிள்ளை கூட நிற்க வேண்டும். அவன் குர்துங்குர்லு. மண்ணை ஆயத்தம் செய்வது, ஆடுகிறவனுக்கு உடம்பில் எழுதுவது, எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்ப்பது அவன் பாடு. அவன் பிழை என்றால் பிழை. அதற்கு மேல் பேச்சில்லை. அப்பன் வழிக்குச் சொத்து, பெண் வழிக்குக் காவல். வெள்ளைக்காரப் பெண் இதை மண்டபத்தின் இயக்குநர் அம்மாவுக்கு விளங்கப்படுத்த அரை நாள் எடுத்தாள். எனக்கும் யோகனுக்கும் உடனே விளங்கியது. மாமன் மகனும் மச்சானும் எங்களுக்குப் புதிதா?

அவர்தான் காவல். முழங்கால் மடங்காது என்பதால் கைவேலையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, மண்ணின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். காலையில் இருந்தால் பின்னேரம்தான் எழும்புவார். வாய் திறந்தால் ஒரே சொல்தான்: இல்லை. வைத்த பஞ்சை மச்சான் எடுத்துவிட்டுத் திரும்ப வைப்பார். மறுபடியும் இல்லை என்பார். மச்சான் மறுபடியும் எடுப்பார். எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. நாங்கள் மூட்டை தூக்கி முதுகு முறிகிறோம், இந்த ஆள் கதிரையில் இருந்துகொண்டு ஊரெல்லாம் பிழை பிடிக்கிறார் என்று நினைத்தேன்.

“கலியாண வீட்டிலை மாப்பிள்ளையின்ரை தாய்மாமன் மாதிரி,” என்றான் யோகன். “சோத்திலை கல்லு, சாம்பாரிலை உப்பில்லை, பந்தல் சரிவு.”

எனக்கும் அவருக்கும் இடையில் இங்கிலீஷ்தான். இரண்டு பேருடையதும் ஓட்டை இங்கிலீஷ். அவர் சொன்னவற்றை எங்கள் தமிழில்தான் எழுதுகிறேன். வேறு தமிழ் எனக்கு வராது.

அவருக்கு இடது வலது கிடையாது. திசைதான். கோப்பியைக் கொடுத்தால், தெற்கே தள்ளி வை என்பார். ஒரு நாள் வானில் ஏறும்போது என்னிடம் சொன்னார்: “இளந்தாரி, உன்ரை மேற்குச் சப்பாத்திலை நூல் அவிண்டு கிடக்கு.” எனக்கு வயது ஐம்பத்திரண்டு. இளந்தாரி என்று என்னைக் கூப்பிட்ட ஆள் அவர் ஒருவர்தான். எது மேற்குக் கால் என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சிரிக்கவில்லை. வயது வந்த ஒருவனுக்கு இது தெரியாமல் இருக்குமா என்பதுபோலப் பார்த்தார்.

வந்த அன்றைக்கு அவர்களை நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எடுத்திருந்த வீட்டில் கொண்டுபோய் விட்டேன். பெட்டிகளை வைத்துவிட்டுத் திரும்பினால் அவர் கையைப் பிடித்தார். கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். காட்டினேன். கட்டிலெல்லாம் திருப்ப வேண்டும் என்றார். தலை கிழக்கே இருக்க வேண்டுமாம். ஆறு கட்டில். நானும் அவருடைய தம்பியும் இழுத்தோம். கட்டில் கால் நிலத்தைக் கீறிய சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரி மேலே வந்து பிரெஞ்சில் கத்தினாள். கதவு திறக்க இடமில்லாமல் ஒரு கட்டில் குறுக்கே நின்றது. சப்பாத்துக்குள் பனி உருகிக் கால் ஊறிவிட்டது. மனதுக்குள் அவரை நன்றாகத் திட்டினேன்.

அடுத்த நாள் காலையில் ஏற்றப் போனபோது அவர் வெளியே பனியில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வானம் கிடுகு வேய்ந்த மாதிரி மூடிக் கிடந்தது. இந்த நகரத்தில் நவம்பர் முடிந்தால் அப்படித்தான். வெயில் எப்போது வரும் என்று கேட்டார். தெரியாது என்றேன். நித்திரை வரவில்லை, இங்கே ஏதோ பிழை என்றார். விமானத்தில் வந்தால் சில நாளைக்கு அப்படி இருக்கும் என்றேன். தலையை ஆட்டினார். ஒவ்வொரு காலையும் இதே கேள்வி, இதே பதில்.

ஒரு நாள் வானில் என் ஊரைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். இங்கேயிருந்து அது எந்தப் பக்கம் என்றார். நான் டோர்வால் விமான நிலையம் இருக்கிற பக்கம் கையைக் காட்டினேன். அங்கே போய்த்தானே ஏற வேண்டும். அவர் அந்தப் பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மனுசியைப் பற்றிக் கேட்டார். செத்துவிட்டாள் என்றேன். யாராவது அப்படிக் கேட்டால் அடுத்ததாகப் பெயரைச் சொல்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வாயைத் திறந்தேன். அவர் கையை நீட்டி என் வாயைப் பொத்தினார். நான் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், முன்னால் பஸ்.

“வேண்டாம்,” என்றார். “சொல்லாதை. விடு.”

சொல்லாமல் விடலாம் என்று அதுவரை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவரை மனதுக்குள் திட்டுவதைக் குறைத்தேன்.

மச்சான் வேறு மாதிரி ஆள். பகிடி விடுவார். பாட்டை முணுமுணுப்பார். ஆனால் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். நான்தான் ஏற்றிப்போவேன். இனிப் பிரயாணம் வேண்டாம் என்று அங்கே டாக்டர்மார் சொல்லிவிட்டார்களாம். அந்த மழையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை அவர் ஒருநாளும் ஆடியதில்லை. தகப்பன் ஆடியதைப் பார்த்தவர். ஊரில் ஒவ்வொரு முறையும் நாள் குறித்தால் குடும்பத்தில் யாராவது சாவார்கள். துக்கத்துக்கு எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள். மூடியது திறக்க வருடங்கள் ஆகும். திறந்தால் இன்னொரு சாவு.

“இதை ஒருக்கா முழுசா ஆடிப்போட்டன் எண்டால் பிறகு பேசாமல் படுப்பன்,” என்று ஆஸ்பத்திரி வாசலில் என்னிடம் சொன்னார். கையில் ஊசி குத்திக் குத்தி மேடு தட்டியிருந்தது. சனிக்கிழமை ஆட்டம் என்று குறித்திருந்தார்கள்.

வியாழக்கிழமை வானம் வெளித்தது.

மச்சானையும் மற்றவர்களையும் முதல் சுற்றில் கொண்டுபோய் விட்டுவிட்டு அவரை ஏற்ற வந்தேன். அவர் காலையில் எழும்ப நேரம் எடுக்கும். அவரை ஏற்றிக்கொண்டு சென்-லோரன் தெருவில் வடக்கே போய்க்கொண்டிருந்தேன். பின்கண்ணாடியில் வெளிச்சம் அடித்துக் கண் கூசியது. அவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். நிறுத்து என்றார். நிறுத்த இடமில்லை என்றேன். கதவைத் திறந்துவிட்டார். நிறுத்தினேன். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான்.

தெருவின் நடுவில் நின்று துறைமுகப் பக்கம் பார்த்தார். தெரு முடிகிற இடத்தில், கட்டடங்களுக்கு நடுவில், நேர்கோட்டில் சூரியன் ஏறிக்கொண்டிருந்தது.

“உந்தப் பக்கம் என்ன?”

“தெற்கு,” என்றேன்.

“ஆர் சொன்னது?”

“எல்லாரும்.”

எல்லாரும்தான். இந்த நகரத்தில் ஆற்றை விட்டு விலகிப் போகிற பக்கம் வடக்கு. ஆறு மேற்கேயிருந்து கிழக்கே போகிறது என்று முடிவுகட்டி, அதை வைத்துத் தெருக்களுக்கு வடக்கு தெற்கு போட்டார்கள். ஆனால் ஆறு இந்த இடத்தில் வளைந்து வடக்கு நோக்கி ஓடுகிறது. அதனால் எங்கள் வடக்கு வடக்கு இல்லை. வடமேற்கையும் தாண்டி மேற்குப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது. தெருப் பலகையிலும் வரைபடத்திலும் பஸ்ஸிலும் அந்த வடக்குத்தான். மண்டபத்தில் இயக்குநர் அம்மா நிலத்தில் சிவப்பு நாடா ஒட்டி அம்புக்குறி போட்டு வைத்திருந்ததும் அந்த வடக்குத்தான். அந்த அம்பைப் பார்த்துத்தான் மழையை வைத்தார்கள். கட்டிலையும் அந்த வடக்கைப் பார்த்துத்தான் நான் திருப்பினேன். எல்லோரும் பொக்கெட்டில் போன் வைத்திருந்தோம். ஒருவரும் எடுத்துப் பார்க்கவில்லை. வடக்கு எங்கே என்று தன் நகரத்தில் யார் போனைக் கேட்பான்?

அவர் மண்டபத்துக்குள் வரவில்லை. பின்பக்கம் வாகனம் நிறுத்துகிற இடத்தில் கதிரையைப் போடச் சொன்னார். என் தடித்த ஜாக்கெட்டைக் கழற்றி அவருடைய ஜாக்கெட்டுக்கு மேல் போட்டேன். கோப்பி கொண்டுபோனேன், சூப் கொண்டுபோனேன். உள்ளே மச்சான் கடைசி வட்டத்தை வைத்துக்கொண்டிருந்தார். உள்ளே போய்ச் சொல்லட்டோ என்று கேட்டேன்.

“பொறு. இது எனக்குத் தெரியாத சூரியன். எங்கை விழுகுது எண்டு பாக்கவேணும்.”

அவருடைய ஊரில் மத்தியானச் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும். இங்கே தெற்கில் நிற்கிறது. அதையும் அவர் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. எழுந்ததையும் விழுந்ததையும் பார்த்து நடுவைப் பிடித்தால் பிழை வராது. அந்தக் குளிரில் இருந்தார். மூக்கிலிருந்து தண்ணீர் வடிந்தது, துடைக்கவில்லை. நாலு மணிக்கு அது ஒரு களஞ்சியத்தின் கூரைக்குப் பின்னால் போனது. அதற்குப் பிறகுதான் எழும்பினார். அவர் முகத்தில் நான் ஒன்றும் காணவில்லை. நாளெல்லாம் குளிரில் இருந்த முகம், அவ்வளவுதான்.

உள்ளே எல்லோரும் முடிந்த சந்தோசத்தில் நின்றார்கள். நல்லாய்த்தான் இருந்தது. எனக்கு அழகு தெரியாது, ஆனால் மண்டபத்துக்குள் வேறு ஒரு வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது. அவர் மச்சானுக்குப் பக்கத்தில் போய் நின்று தங்கள் மொழியில் சொன்னார். அவர்கள் கதைத்ததை வெள்ளைக்காரப் பெண் பக்கத்தில் நின்று எனக்கு மெல்லச் சொன்னாள்.

“மச்சான், மழை பிழையான ஊருக்குப் போகுது.”

மச்சான் அம்பைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். அவருடைய சொல்லை மச்சான் சந்தேகப்படவில்லை. அது அங்கே நடக்கிற காரியமில்லை.

“இஞ்சை இருக்கிற ஆருக்கு அது தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் நல்லது. இப்ப தெரிஞ்சு போச்சு.”

“இதை விட்டால் எனக்கு வேறை இல்லை.”

“ஓம்,” என்றார் அவர்.

அவ்வளவுதான். சமாதானம் சொல்லவில்லை. தோளில் கை வைக்கவில்லை. மச்சான் மண்ணின் ஓரத்தில் அப்படியே குந்திவிட்டார். மகன் அவுஸ்திரேலிய இங்கிலீஷில் ஏதோ கெட்ட சொல் சொல்லிவிட்டு வெளியே போனான்.

திரும்பச் செய்யலாமா என்று பார்த்தார்கள். கொண்டுவந்த பஞ்சில் ஒரு பெட்டியை, செடி கொடி கொண்டுவரக் கூடாது என்று விமான நிலையத்தில் எடுத்துவிட்டார்கள். மிச்சம் எல்லாம் மண்ணோடு மண்ணாய் ஒட்டிவிட்டது. மருந்துக்கடைப் பஞ்சு வாங்கிப் பிய்க்கலாம் என்றான் யோகன். ஊரிலும் சில வேளை அப்படிச் செய்வதுண்டு என்றார் தம்பி. ஆனால் வெள்ளிக்கிழமை மச்சானுக்கு ஆஸ்பத்திரி நாள். அவரால் இனி முழங்காலில் நிற்கவும் ஏலாது. அவர் கை படாமல் மற்றவர்கள் செய்தால் அது அவருடையது ஆகாது.

இயக்குநர் அம்மா வந்தாள். கெட்டவள் இல்லை. விசயத்தைக் கேட்டு முகம் வெளுத்தது. மன்னிப்புக் கேட்டாள். இங்கே நாங்கள் வடக்கென்று சொல்வது இப்படித்தான் என்றாள். பிறகு ஒரு யோசனை சொன்னாள். நிலத்தில் இருக்கிற அம்பைச் சரியான பக்கம் திருப்பி ஒட்டிவிடலாமே, பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

“அம்பைத் திருப்பினால் மழை திரும்புமோ?” என்று நான் கத்தினேன். தமிழில் கத்திவிட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. யோகன் என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனான். “அண்ணை, பேசாமல் இருங்கோ. மண்ணைத் திருப்பேலாது, கட்டடத்தைத் திருப்பேலாது. உங்களுக்கென்ன?” என்றான். எனக்கு என்ன என்று எனக்கும் தெரியவில்லை. யார் மேல் கோபம் என்றும் தெரியவில்லை. கொஞ்சம் அந்த அம்மா மேல். கொஞ்சம் இந்த நகரத்தின் மேல். கொஞ்சம் அவர் மேல். சாகப்போகிற மனுசன் ஒருக்கால் ஆடிவிட்டுப் போகட்டுமே.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனதும் கட்டில்களைத் திரும்பத் திருப்பச் சொன்னார். திருப்பினோம். கீழ்வீட்டுக்காரி திரும்பவும் வந்தாள். நான் அவளைப் பார்த்த பார்வையில் பேசாமல் இறங்கிப் போனாள்.

சனிக்கிழமை மண்டபம் நிறையச் சனம். கோட்டுப் போட்ட பெரியவர்களும் வந்திருந்தார்கள். மழைக்குப் பதிலாக வேறு ஒரு சின்ன ஆட்டம் ஆடினார்கள். ஊரில் பெண்களும் பிள்ளைகளும் கூட ஆடுகிறது, யாரும் பார்க்கலாம். சித்திரத்துக்குப் பக்கத்தில், வெறும் சீமெந்து நிலத்தில்.

அதற்கு முன் பின்னறையில் அவர் மச்சானுக்கு உடம்பில் எழுதினார். நெஞ்சிலும் தோளிலும் வெள்ளைக் கோடுகள். சின்ன ஆட்டத்துக்கு அவ்வளவு தேவையில்லை என்று தம்பியே சொன்னார். அவர் கேட்கவில்லை. மடங்காத முழங்காலோடு ஒரு பெட்டியில் சாய்ந்து நின்று எழுதினார். கோணலாய் வந்த ஒரு கோட்டைத் துடைத்துவிட்டுத் திரும்ப எழுதினார். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

ஆட்டத்தில் அவர் பூமராங் இரண்டைத் தட்டிப் பாடினார். சகோதரிகள் ஒரு பக்கம் கால்களைச் சேர்த்துத் தத்தித் தத்தி ஆடினார்கள். மச்சானுக்குப் பாதியில் மூச்சு வாங்கியது. மகன் தாங்கிக்கொண்டான். சனம் எழும்பிக் கை தட்டியது. சித்திரம் பக்கத்தில் ஒரு கோடும் கலையாமல் கிடந்தது.

ஆடாத சித்திரம் கலையாது. அது இயக்குநர் அம்மாவுக்கு வாய்ப்பாகப் போய்விட்டது. சரியான மழையாக இருந்தால் அன்றைக்கே கால்பட்டு மண்ணாகியிருக்கும், கண்காட்சிக்கு அவளிடம் ஒன்றும் மிஞ்சியிருக்காது. பிழையானதால் வசந்தம் வரைக்கும் அப்படியே கிடந்தது. சுற்றிக் கயிறு கட்டி, மேலே விளக்குப் போட்டு, சுவரில் பலகை அடித்து வைத்தோம். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கொண்டுவந்து காட்டினார்கள். ஓரத்தில் தூசு தட்டுகிறது என் வேலை.

அவர்களை டோர்வாலுக்குக் கொண்டுபோனது நான்தான். மச்சான் பின்னால் நித்திரை. அவர் முன்னால். கேட்காமல் இருக்க முடியவில்லை. ஒருக்கால் விட்டுக்கொடுத்திருக்கலாம்தானே என்று கேட்டேன்.

“விட்டிருக்கலாம்,” என்றார். “பிறகு அவன் ஆரை நம்பி ஆடுறது?”

விமான நிலையத்தில் அவர் கை கொடுக்கவில்லை. உள்ளே போகிற கதவுக்கு முன் நின்று ஒருமுறை வெளியே பார்த்தார். எந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்திருப்பார். பிறகு போய்விட்டார்.

மார்ச்சில் செய்தி வந்தது. மச்சான் அங்கே நகரத்து ஆஸ்பத்திரியில் செத்துவிட்டார். ஊரில் எல்லாவற்றையும் துக்கத்துக்கு மூடியாயிற்று. இயக்குநர் அம்மா அன்றைக்கே அவருடைய படத்தைச் சுவரிலிருந்து எடுக்கச் சொன்னாள், பெயர் எழுதிய பலகையையும் எடுக்கச் சொன்னாள். அதில் அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சித்திரத்தை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. செத்தவரின் கடைசிக் கைவேலை. துணியால் மூடுவதா, விளக்கை அணைப்பதா, அப்படியே எடுத்துப் பெட்டியில் வைக்க வழி உண்டா என்று யார் யாரையோ கேட்டாள். கடைசியில் வெள்ளைக்காரப் பெண் மூலம், மழைக்குக் காவலான அவரையே போனில் பிடித்தார்கள். அவருடைய இங்கிலீஷ் எனக்குத்தான் விளங்கும் என்று இயக்குநர் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

லைனில் காற்றுச் சத்தம். துக்கத்துக்கு வீட்டை விட்டு வெளியே, வெட்டவெளியில் இருக்கிறார்கள் என்று வெள்ளைக்காரப் பெண் சொன்னாள். அவர் குரல் கரகரத்தது. அழுது அழுது போன குரல் என்று எனக்குத் தெரிந்தது. எங்கள் ஆட்களில் நிறையக் கேட்டிருக்கிறேன்.

சித்திரம் இன்னும் இருக்கிறது என்று சொன்னேன். அதை அவர் எதிர்பார்க்கவில்லை போல.

“ஏன் இருக்கு?” என்றார்.

எல்லோரும் வந்து பார்க்கிறார்கள் என்றேன். பிறகு, சொல்ல வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். “உங்கடை மச்சான்ரை கை பட்டது.”

“அதிலை மழை இல்லை,” என்றார். “அது ஒண்டுமில்லை, இளந்தாரி. கூட்டி எறி.”

இயக்குநர் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவள் இரண்டாம் முறை கேட்டாள். இரண்டாம் முறையும் அப்படியே சொன்னேன். அழுதாள். எனக்கு வரவில்லை. அந்த வருடக் கடைசியில் அவரும் போனார் என்று கேள்விப்பட்டபோதும் வரவில்லை.

திங்கட்கிழமை மண்டபம் பூட்டு. நானும் யோகனும் கயிற்றை அவிழ்த்தோம். விளக்கை அணைத்துவிட்டு மேலே உள்ள வெள்ளைக் குழாய் விளக்கைப் போட்டோம். அந்த வெளிச்சத்தில் அது வேறு மாதிரித் தெரிந்தது. வெள்ளைப் பஞ்சு சாம்பல் நிறமாகியிருந்தது. ஒரு வட்டத்தின் ஓரத்தில் விரல் அழுத்திய அடையாளம் இருந்தது. யோகன் கூட்டுகிற பெரிய தும்புத்தடியோடு வந்து நின்றான். அன்றைக்கு அவனும் பகிடி விடவில்லை.

“எந்தப் பக்கத்திலையிருந்து தொடங்கிறது, அண்ணை?”

“எந்தப் பக்கமெண்டாலும் ஒண்டுதான்,” என்றேன்.

அவன் கதவுப் பக்கத்திலிருந்து கூட்டத் தொடங்கினான். நான் சாக்கைப் பிடித்தேன்.